மறு: வீடு சூடாக்கும் ஃபர்னஸுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

தம்பி,

> 'வெப்ப உலை' என்றே போட்டுவிடலாமா? எப்படியும் விறகோ கரியோ எரிக்கிற பெட்டிதானே.

வேண்டாம். வெப்பம் தராத உலை ஏது? வெறும் 'உலை' என்றால் எங்கள் வியாசர்பாடி, பெரம்பூர்ப் பக்கம் கொல்லன் பட்டறையைத்தான் நினைப்பார்கள், அடுக்களையில் கேட்டால் சோற்றுக்கு வைக்கிற உலை. நீங்கள் மொழிபெயர்ப்பது கனடா மாதிரி குளிர்நாட்டு வீடுகளில் நிலவறையில் நின்றுகொண்டு, காற்றைச் சூடாக்கிக் குழாய் வழியே எல்லா அறைக்கும் அனுப்புகிற சாதனத்தை. இருக்கிற அறையை மட்டும் சூடாக்கும் அடுப்பு அல்ல அது. தண்ணீரைச் சுடவைத்து அனுப்புவதற்குக் கொதிகலன் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது, அதோடும் குழப்பக்கூடாது.

என் பரிந்துரை 'கணப்புலை'. குளிர்காய மூட்டுகிற தீதான் கணப்பு, அதனால் எதற்காக எரிகிறது என்பது சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. சங்கப் பாட்டான நெடுநல்வாடையில் வரும் 'தடவு' எனக்கும் பிடிக்கும், ஆனால் அது நெருப்பு இட்டுவைக்கும் வாயகன்ற சட்டி, தவிர இன்றைக்குத் தடவு என்றால் கையால் தடவுவதுதான் எல்லோருக்கும் தோன்றும்.

அடுத்தது கரி. இதில் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள். இங்கே கரி என்றால் இஸ்திரிப் பெட்டியில் போடுகிற மரக்கரி. எண்ணூர் அனல் மின் நிலையங்களுக்கு வருவது நிலக்கரி. எந்த உலை வாங்கினால் நீடித்து உழைக்கும் என்று சொல்லும் உங்கள் கட்டுரையில் 'கரி உலை' என்று போனால் படிப்பவர் தவறான எரிபொருளை வாங்கிவிடுவார்.

சரி, உறுப்புகளுக்கு வருவோம். எது நீடித்து உழைக்கும் என்பதே இவற்றில்தான் இருக்கிறது, பெயர் சரியாக இல்லாவிட்டால் அறிவுரையும் புரியாது. விறகு சாம்பல் படுகையின் மேல் கிடந்து, மேலிருந்து வரும் காற்றிலேயே நன்றாக எரியும். நிலக்கரிக்கு, அதிலும் ஆந்த்ரசைட் என்கிற கெட்டியான நிலக்கரிக்கு, அடியிலிருந்து காற்று ஏறியே ஆக வேண்டும். அதற்காகக் கீழே இருக்கும் கம்பித் தட்டை 'தணல்தட்டு' என்கிறேன், சாம்பலை உதிர்க்கக் கைப்பிடியால் ஆட்டுவது 'ஆட்டுத் தணல்தட்டு'. நிலக்கரிச் சூட்டில் மெல்லிய எஃகுத் தகடு வளைந்துவிடும், ஆகவே தட்டு கனமான வார்ப்பிரும்பில் இருக்கிறதா, எரியறையின் உள்சுவரில் தீச்செங்கல் பதித்திருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். விறகுக்கென்றே செய்த கணப்புலையில் நிலக்கரி போடக்கூடாது என்பதைத் தனி வரியாக எழுதுங்கள். (எரியறைக்குத் 'தீப்பெட்டி' என்று ஒருவர் எழுதியிருந்தார், அது வேறு பொருளாகிவிடும்.)

புகைப்போக்கியில் படிகிற கருப்புப் பிசினுக்கு 'புகைக்கீல்'. மரப்படகுக்குக் கீல் பூசுவது காசிமேட்டு மீனவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஈர விறகு புகைந்து புகைந்து எரிந்தால் இந்தக் கீல் சேரும், ஒருநாள் அதுவே பற்றிக்கொண்டு புகைப்போக்கிக்குள் தீப்பிடிக்கும். விறகில் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது அதனால்தான். நிலக்கரியில் வேறு சிக்கல்: அதன் சாம்பலிலும் கரிப்படிவிலும் கந்தகம் இருக்கும், கோடையில் உலை சும்மா கிடக்கும்போது காற்றின் ஈரத்தோடு சேர்ந்து தகட்டை அரித்துவிடும். குளிர்காலம் முடிந்ததும் உள்ளேயும் புகைக் குழாயிலும் துடைத்துச் சுத்தம் செய்யாதவர் எவ்வளவு கனமான உலை வாங்கியும் பயனில்லை. கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவைக் காட்டும் உணர்கருவியும் கட்டாயம், அதை அடிக்குறிப்பில் ஒளிக்க வேண்டாம்.

ஒன்று பாக்கி. புகைக் குழாய்க்குள் திருகினால் திரும்பி, காற்றிழுப்பைக் குறைக்கிற வட்டத் தகடு. 'இழுப்புத்தகடு' என்று எழுதி வைத்திருக்கிறேன். குழுவில் யார் வீட்டிலாவது பெரம்பூர் ரயில்வே பட்டறையில் நீராவி என்ஜின் காலத்தில் வேலை பார்த்தவர்கள் இருந்தால், இந்த மாதிரித் தகட்டை அங்கே என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள். நல்ல சொல் கிடைத்தால் என்னுடையதை எடுத்துவிட்டு அதையே போட்டுவிடலாம்.