முதல் எலெக்ட்ரிக் கிட்டாரை மாற்ற வேண்டும், 1,800 வெள்ளிக்குள் (ரிங்கிட்) எதை எடுப்பது?

பிறைக்காரன்:
வணக்கம். பினாங்கு, பிறையில் இருக்கிறேன். இப்போது வைத்திருப்பது ஆம்ப், பை, வயர் எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில் வாங்கிய ஸ்ட்ராட் வடிவக் கிட்டார். மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (தந்தி அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருள்), கம்பியால் ஆட்டக்கூடிய ட்ரெமோலோ பிரிட்ஜ் (தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பாகம்). நண்பர்களோடு கல்யாண விருந்துகளில் வாசிக்கிறேன். பெரும்பாலும் தமிழ்ப் பாட்டுதான், நடுவில் யாராவது மலாய் ராக் கேட்பார்கள்.

தொல்லை மூன்று. தந்தியை வளைத்து வாசித்தால் சுருதி இறங்கிவிடுகிறது, ஜி தந்தி ரொம்ப மோசம். கழுத்தில் பதித்த 12ஆம் ஃபிரெட் கம்பிக்கு மேலே போனால் கீபோர்டோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது, கீழே கார்டு பிடிக்கும்போது அவ்வளவு தெரிவதில்லை. அப்புறம் மண்டபத்தில் ஆம்பைத் திறந்தால் 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். வீட்டில் இவ்வளவு இல்லை.

பார்த்து வைத்திருப்பவை: யமாஹா பசிஃபிகா 112வி, ஸ்குவையர் கிளாசிக் வைப் ஸ்ட்ராட், கேஎல்லில் (கோலாலம்பூர்) ஒருவர் விற்பனைக்குப் போட்டிருக்கும் பழைய எபிஃபோன் லெஸ் பால். கடைசியாகச் சொன்னது சன்பர்ஸ்ட் நிறம், பார்த்ததிலிருந்து மனது அங்கேதான் நிற்கிறது. கூரியரில் அனுப்புகிறேன் என்கிறார். எதை எடுக்கட்டும்?

செந்தூல் பாஸ்:
லெஸ் பால் எடுங்க தம்பி. இரண்டு ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்), இரைச்சல் தொல்லை அதோடு தீர்ந்தது. எடை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். நாலு மணி நேரம் மேடையில் நின்றால் இடது தோள் மறுநாள் பேசும்.

ஈயப்பற்று:
வாங்குவதற்கு முன் ஒரு நிமிடம். தம்பி சொன்ன மூன்றில் இரண்டு, அந்தக் கிட்டாரைச் சரியாக செட்டப் செய்தாலே, அதாவது பாகங்களைத் திருகிச் சரிப்படுத்தினாலே, போகக்கூடியவை. செய்யாமல் புதிது வாங்கினால் புதியதிலும் அதே பாட்டுத்தான், ஏனென்றால் கடையிலிருந்து வரும் கிட்டார் எல்லாமே செட்டப் ஆகி வருவதில்லை.

சுருதி இறங்குவது: டியூன் செய்யும்போது ஜி தந்தி 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம் போட்டுச் சட்டென்று தாவுகிறதா? அப்படியானால் நட்டில் (தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் பட்டை) இருக்கும் பள்ளத்தில் தந்தி சிக்குகிறது, டியூனர் மேல் பழி போட வேண்டாம். தந்தியை நகர்த்திவிட்டு அந்தப் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்துப் பாருங்கள். ட்ரெமோலோ கம்பியைப் பயன்படுத்துவதே இல்லை என்றால், பின்பக்க மூடியைத் திறந்து ஸ்பிரிங் மாட்டியிருக்கும் தகட்டின் இரண்டு திருகையும் இறுக்குங்கள், பிரிட்ஜ் உடலோடு ஒட்டி உட்காரும் வரை. தந்தியை வளைக்கும்போது பிரிட்ஜ் தூக்கிக்கொள்வது நிற்கும்.

மேல் ஃபிரெட் ஒட்டாதது: முதலில் தந்தியை மாற்றுங்கள். பழைய, துருப்பிடித்த தந்தியில் இதைச் சரிபார்ப்பது வீண். பிறகு 12ஆம் ஃபிரெட் மேல் விரலை லேசாகத் தொட்டு வரும் ஹார்மோனிக்கையும், அதே இடத்தில் அழுத்தி வாசிக்கும் சுரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறி நின்றால் பிரிட்ஜில் அந்தத் தந்தி உட்காரும் சேடிலைப் பின்னால் தள்ள வேண்டும், இறங்கி நின்றால் முன்னால். ஒவ்வொரு முறை நகர்த்திய பிறகும் திரும்ப டியூன் செய்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இரைச்சல் மட்டும் வேறு கதை. தந்தியைத் தொட்டால் குறைகிறதா, கூடுகிறதா? நின்ற இடத்திலேயே உடம்பைத் திருப்பினால் மாறுகிறதா? இதைச் சொல்லுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

இன்னொன்று. கிட்டாரைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டு எப்போதாவது சுரீர் என்றிருக்கிறதா? இருந்தால் எங்கேயோ எர்த் கோளாறு. இரைச்சலைக் குறைக்கிறேன் என்று மூன்று கால் பிளக்கின் எர்த் இணைப்பைக் கழற்றிவிடச் சொல்லும் ஆட்களும் உண்டு. அதை மட்டும் செய்யவே கூடாது, உயிர் போகிற விஷயம்.

பிறைக்காரன்:
நன்றி அண்ணே. ஷாக் எதுவும் அடித்ததில்லை. 'டிங்' சத்தம் வருகிறது, இது இவ்வளவு நாள் எனக்குத் தோன்றவே இல்லை. பென்சில் போட்டதும் பாதி குறைந்தது. தந்தியைத் தொட்டால் இரைச்சல் கொஞ்சம் குறைகிறது. மேடையில் பக்கவாட்டில் திரும்பி நின்றால் இன்னும் நன்றாகவே குறைகிறது, ஆனால் கூட்டத்தைப் பார்க்காமல் எத்தனை பாட்டு வாசிப்பது?

ஈயப்பற்று:
தொட்டால் குறைகிறது என்றால் தந்தியின் எர்த் இணைப்பு சரியாக இருக்கிறது. திரும்பினால் மாறுகிறது என்றால் பிக்கப்பே காற்றிலிருந்து இழுக்கிறது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அது கீழ் ஜி சுரத்துக்குப் பக்கத்தில் வரும், அதனால்தான் அந்த 'ம்ம்ம்' ஒரு சுரம் மாதிரியே கேட்கிறது. மண்டபத்து விளக்கு டிம்மரும் மின்மாற்றியும் அதற்கு மேல் கரகரப்பைச் சேர்க்கும். சிங்கிள் காயிலின் பிறவிக் குணம் இது. ஹம்பக்கரில் இரண்டு சுருள்கள் எதிரெதிராகச் சுற்றியிருப்பதால் இரண்டும் இழுக்கும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துவிடும். ஆக இந்த ஒரு தொல்லைக்குத்தான் உங்களுக்கு உண்மையில் வேறு கிட்டார் தேவைப்படுகிறது.

பாயான் லெப்பாஸ் அக்கா:
அதனால்தான் கிளாசிக் வைப் ஸ்ட்ராட்டை நான் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன். அருமையான கிட்டார், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதிலும் வழக்கமாக மூன்று சிங்கிள் காயில்தான். காசு கொடுத்து அதே இரைச்சலை வாங்குவானேன்?

112வி-யில் பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர், மற்ற இரண்டும் சிங்கிள் காயில். டோன் குமிழியை மேலே இழுத்தால் ஹம்பக்கரில் ஒரு சுருள் மட்டும் வேலை செய்யும், மெல்லிய ஒலி வரும். இழுத்த நிலையில் இரைச்சலும் கூடவே வரும், அது தெரிந்து இழுங்கள். மலாய் ராக்குக்குக் குமிழியை அமுக்கி ஹம்பக்கர், பழைய மெலடிப் பாட்டுக்குக் கழுத்துப் பக்கப் பிக்கப். ஒரே இரவில் இரண்டையும் வாசிப்பவருக்கு இதைவிட வசதி இந்த விலையில் கிடைப்பது கடினம்.

கடையில் எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். 112ஜே என்று ஒன்று உண்டு, 012 என்று ஒன்று உண்டு. தூரத்திலிருந்து எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். 112ஜே-யும் ஆல்டர் மரம்தான், ஆனால் அதில் இருப்பது செராமிக் காந்தப் பிக்கப், அந்த இழுக்கும் குமிழியும் கிடையாது. 112வி-யில் ஆல்னிகோ காந்தப் பிக்கப். 012 உங்களுக்கு முன்னேற்றமே இல்லை, இருப்பதற்குப் பக்கத்து வீடு.

செந்தூல் பாஸ்:
அக்கா, லெஸ் பாலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே.

பாயான் லெப்பாஸ் அக்கா:
சொல்கிறேன் தம்பி. அதன் தந்தி நீளம் 24.75 அங்குலம், ஸ்ட்ராட்டிலும் பசிஃபிகாவிலும் 25.5. அதே தந்தி லெஸ் பாலில் கொஞ்சம் தளர்வாக இருக்கும், கமகம் மாதிரி இழுத்து வாசிப்பவர்களுக்குச் சுகம். அது நல்ல குணம். ஆனால் தலைப்பகுதி பின்னால் சாய்ந்திருக்கும், நட்டுக்குப் பின்னால்தான் மரம் மெலிந்த இடம். கிட்டார் முகம் குப்புற விழுந்தால் முதலில் உடைவது அங்கேதான். ஒட்டி, பாலிஷ் போட்டு, சன்பர்ஸ்ட் படத்தை மட்டும் போட்டால் யாருக்குத் தெரியும்? கூரியர் என்றால் வேண்டவே வேண்டாம். ஆசை விடவில்லை என்றால் பட்டர்வொர்த்திலிருந்து ஈடிஎஸ் ரயில் ஏறி கேஎல் போய் நேரில் பாருங்கள், டிக்கெட் காசையும் கிட்டார் விலையில் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஈயப்பற்று:
நேரில் போனால் பார்க்க வேண்டியது: தலைக்குப் பின்னால் மயிரிழை விரிசலோ நிறம் மாறிய கோடோ இருக்கிறதா என்று கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். முதல் மூன்று ஃபிரெட்டில் தந்திக்கு அடியில் பள்ளம் விழுந்திருக்கிறதா? கழுத்துக்குள் இருக்கும், அதன் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராட் கம்பி திருகுகிறதா, இல்லை ஏற்கெனவே கடைசிவரை முறுக்கி முடிந்துவிட்டதா? முடிந்துவிட்டது என்றால் அந்த விலைக்கு வேண்டாம். குமிழி கரகரத்தால் பயப்பட வேண்டாம், அது சின்னச் செலவு. பிக்கப் திருகுகளில் லேசான துருவும் நம் ஊர் ஈரத்துக்குச் சகஜம், பினாங்கில் கடல் காற்று வேறு.

பட்ஜெட் முழுவதையும் கிட்டாரில் போட்டுவிடாதீர்கள். பெட்டியோடு வந்த அந்தக் குட்டி ஆம்ப் டிரம்ஸ் பக்கத்தில் நிற்காது. கொஞ்சம் மிச்சம் வைத்தால் கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) ஒலியைப் பாவனை செய்யும் பழைய மல்டி எஃபெக்ட் பெடல் ஒன்று வாங்கி நேராக மிக்சருக்குப் போகலாம். கேபினெட் பாவனை இல்லாமல் டிஸ்டார்ஷனை மிக்சரில் விட்டால் தேன்கூட்டைக் கலைத்த சத்தம்தான் வரும்.

பிறைக்காரன்:
தகவல் சொல்ல வந்தேன். பழையதை இங்கே ஒரு பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் புதுத் தந்தி, நட், சேடில் எல்லாம் சரிசெய்தேன். கீபோர்டுக்காரர் இப்போது முகம் சுளிப்பதில்லை. இரைச்சல் அப்படியேதான் இருக்கிறது. கேஎல்காரரிடம் தலைக்குப் பின்பக்கம் ஒரு படம் கேட்டேன், அனுப்புகிறேன் என்றவர் இன்றுவரை அனுப்பவில்லை. அதனால் ஜார்ஜ்டவுனில் கடையில் உட்கார்ந்து 112வி-யை வாசித்துப் பார்த்து வாங்கிவிட்டேன். பட்ஜெட்டுக்குள் முடிந்தது, பெடலுக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பிரிட்ஜ் ஹம்பக்கரில் மண்டபம் அமைதி. கழுத்துப் பிக்கப்பில் மட்டும் கொஞ்சம் 'ம்ம்', பாட்டு ஓடும்போது யாருக்கும் கேட்காது.

ஒரே கேள்வி. இப்போது 9 என்ற தடிமன் அளவுத் தந்தி இருக்கிறது. கனமான ஒலிக்கு அதைவிடத் தடித்த 10 போடச் சொல்கிறார் நண்பர். போடலாமா?

ஈயப்பற்று:
போடலாம், ஆனால் சும்மா மாற்றிவிட்டு எழுந்து போக முடியாது. 10 அதிகமாக இழுக்கும். பிரிட்ஜ் தூக்கும், கழுத்து கொஞ்சம் வளையும், நட் பள்ளமும் இறுக்கமாகலாம். அதாவது ஸ்பிரிங், டிரஸ் ராட், சேடில் மூன்றையும் திரும்பப் பார்க்க வேண்டும். இப்போதைக்கு 9 இருக்கட்டும், தமிழ்ப் பாட்டுக்கு இழுத்து வாசிக்க விரலுக்கும் அதுதான் சுலபம். வாசித்து முடித்ததும் தந்தியைத் துடைத்துவிட்டுப் பைக்குள் வையுங்கள், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் போடுங்கள். கனமான ஒலி வேண்டுமென்றால் பெடல் வந்ததும் டோனை அதில் திருப்பிப் பாருங்கள், 10 வாங்குவதைப் பிறகு யோசிக்கலாம்.