சொந்தக் கணினியில் ஓடும் வசதிக்கும் மாதச் சந்தாவா? ஏஐ வீடியோ மென்பொருள்கள் குறித்து ஒரு விவாதம்

நாடாப்பெட்டி:

பழைய விஎச்எஸ் கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றிக் கொடுக்கும் சிறிய ஸ்டூடியோ ஒன்றை நடத்தி வருகிறேன். என்னிடம் வருபவற்றில் பெரும்பாலானவை எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளிலும் எடுக்கப்பட்ட கல்யாண வீடியோக்கள். மூன்று மணி நேரக் கேசட், மங்கிய நிறம், முகூர்த்த நேரத்து வீடியோ விளக்கின் வெளிச்சத்தில் வெளிறிப்போன முகங்கள் என்று எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். இவற்றைத் தெளிவாக்குவதற்காகச் சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு முழுத் தொகையைக் கட்டி ஓர் ஏஐ மேம்படுத்தும் மென்பொருளை வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை.

இப்போது அந்த நிறுவனம் சந்தா முறைக்கு மாறிவிட்டது. புதிய பதிப்பைத் திறந்தால் எல்லா வசதிகளும் பட்டியலில் பளிச்சென்று தெரிகின்றன. சில நொடி முன்னோட்டமும் அழகாக ஓடுகிறது. எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்திய பிறகுதான் இந்த மாடல் (படத்தைத் தெளிவாக்கும் பயிற்றுவிக்கப்பட்ட ஏஐ நிரல்) மேல்நிலைச் சந்தாவுக்கு உரியது என்று தெரியவருகிறது. பல கோப்புகளை வரிசையில் போட்டு இரவு முழுவதும் ஓடவிடும் வசதியும், இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளைச் சேர்த்துப் பயன்படுத்தும் வசதியும்கூட அந்த மேல்நிலையில்தான் இருக்கின்றன. கார்டு என்னுடையது, மின்கட்டணம் என்னுடையது, காத்திருப்பதும் நான். என் அறையில் நடக்கும் வேலைக்கு அவர்கள் ஏன் மாதாமாதம் வாடகை கேட்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

நிரல்வாணன்:

உங்கள் எரிச்சல் புரிகிறது, ஆனால் கணக்கு சரியாக இல்லை என்று நினைக்கிறேன். நான் மென்பொருள் துறையில் இருப்பவன். வீடியோ நிறுவனம் எதிலும் வேலை பார்க்கவில்லை.

ஒருமுறை விற்றுவிட்டுப் போகக்கூடிய பொருள் அல்ல இது. மாடலைப் பயிற்றுவிக்க ஆகும் செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். அதற்குப் பிறகும் என்விடியா புதிய தலைமுறைக் கார்டு வெளியிடும்போதும், ஆப்பிள் புதிய சிப் கொண்டுவரும்போதும், விண்டோஸ் புதுப்பிக்கப்படும்போதும் ஒவ்வொரு மாடலையும் மறுபடி சோதித்துச் சீராக்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை பணம் கட்டியவர் ஐந்து ஆண்டுகள் கழித்து, புதுக் கார்டில் வேலை செய்யவில்லை என்று கடிதம் எழுதினால், அவருக்குப் பதில் சொல்பவருடைய சம்பளம் எங்கிருந்து வரும்? புதிய வாடிக்கையாளர்களிடமிருந்து மட்டுமே வர முடியும். அவர்களின் வரத்து குறைந்தவுடன் நிறுவனம் தள்ளாடும்.

இந்தத் துறையில் பெரிய பெயரான டோபாஸ் லேப்ஸ் தன் வீடியோ மென்பொருளை 299 டாலருக்கு, ஓராண்டுக்கான புதுப்பிப்புகளோடு, நெடுங்காலம் விற்றுவந்தது. 2025-இல் நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திவிட்டுச் சந்தாவுக்கு மாறியது. ஏற்கெனவே வாங்கியவர்கள் தங்கள் உரிமத்துக்கு உட்பட்ட பதிப்பைத் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்றே வைத்தது. இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. தாத்தாவின் ஒரே ஒரு கேசட்டைச் சரிசெய்ய விரும்பும் ஒருவருக்கு ஏறத்தாழ 25,000 ரூபாய் முதலீட்டைவிட ஒரு மாதச் சந்தா எவ்வளவோ மேல்.

நாடாப்பெட்டி:

மூன்று வேறுபட்ட விஷயங்களை நீங்கள் ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள்.

நிறுவனத்தின் சர்வரில் ஓடும் மாடலுக்கு ஒவ்வொரு நிமிடமும் அவர்களுக்குச் செலவு இருக்கிறது. அதற்குப் பயன்பாட்டுக்கு ஏற்பக் கழியும் கிரெடிட் கேட்டால் நான் வாய் திறக்க மாட்டேன். என் கணினியில் ஓடும் புதிய மாடலுக்கும் விலை கேட்கட்டும், உழைத்திருக்கிறார்கள். ஆனால் கோப்புகளை வரிசையில் போடும் வசதி மாடலும் அல்ல, சர்வரும் அல்ல. பழைய பதிப்பில் அது இருந்தது. அதைக் கழற்றி மேல்மாடியில் வைத்துவிட்டு ஏணிக்கு வாடகை கேட்கிறார்கள்.

அது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மணி நேரக் கேசட்டில், நொடிக்கு 25 பிரேம் (தனித்தனிப் படம்) என்ற நம் நாட்டு வீடியோத் தரமான பால் (PAL) முறைக் கணக்கில், 2,70,000 பிரேம்கள் இருக்கின்றன. இப்போது வரும் டிஃப்யூஷன் வகை மாடல்கள் (இரைச்சல் புள்ளிகளிலிருந்து படத்தைப் புதிதாக வரைந்தெடுப்பவை) என்னுடையதைப் போன்ற நடுத்தரக் கார்டில் நொடிக்கு ஒரு பிரேம் முடித்தாலே நல்ல வேகம். அப்படி ஓடினாலும் ஒரு கேசட்டுக்கு 75 மணி நேரம் பிடிக்கும். ஒரு கோப்பு முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்காவிட்டால் நான் நடு இரவில் எழுந்து வந்து பொத்தானை அழுத்த வேண்டும். தொழிலுக்காகப் பயன்படுத்துபவனை எங்கே நெருக்கினால் பணம் கொடுப்பான் என்று நன்றாகக் கண்டுபிடித்துத்தான் அந்தப் பூட்டைப் போட்டிருக்கிறார்கள்.

கட்டற்றமூலம்:

பூட்டு இருக்கும் வீட்டுக்குள் ஏன் போகிறீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. படத்தைத் தெளிவாக்கும் ரியல்-ஈஎஸ்ஆர்கேன் மாடல் 2021-இலிருந்தே இலவசமாகக் கிடைக்கிறது. இத்தகைய மாடல்களை வீடியோவில் ஓட்ட வீடியோ2எக்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. இடையில் பிரேம்களை உருவாக்க ரைஃப் இருக்கிறது. டிஃப்யூஷன்தான் வேண்டும் என்றால் பைட்டான்ஸ் 2025-இல் யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய அப்பாச்சி 2.0 உரிமத்தில் வெளியிட்ட சீட்விஆர்2 இருக்கிறது. ஏஐ மாடல்களை இயக்கும் இலவச மென்பொருளான கம்ஃபியூஐ வழியாக ஓட்டலாம். வரிசையில் போடுவதற்குப் பத்து வரி ஸ்கிரிப்ட் போதும், அதற்கு யாரும் சந்தா கேட்கப் போவதில்லை.

உங்கள் வேலையில் பாதி ஏஐ-யே அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விஎச்எஸ் இன்டர்லேஸ் செய்யப்பட்ட வீடியோ; அதாவது ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் வெவ்வேறு கணங்களில் பதிவானவை. அதை ஒழுங்காகப் பிரிக்காமல் நேரடியாக மாடலுக்குக் கொடுத்தால், சீப்புப் பல் போன்ற கோடுகளையும் அது விவரம் என்று எண்ணித் தீட்டிவிடும். ஏவிஐசிந்த் என்ற வீடியோ மென்பொருளில் இதற்கென்றே உள்ள கியூடிஜிஎம்சி நிரலைக் கொண்டு முதலில் பிரித்தெடுத்தால் எந்த மாடலும் நல்ல முடிவையே தரும். அதுவும் இலவசம்தான்.

நாடாப்பெட்டி:

கியூடிஜிஎம்சி எனக்குப் பழக்கமானதுதான். ரியல்-ஈஎஸ்ஆர்கேன் ஒவ்வொரு பிரேமையும் தனிப்படமாகவே பார்க்கிறது. அதனால் பட்டுப்புடவையின் சரிகைக் கரை பிரேமுக்குப் பிரேம் வேறு வேறாக மினுங்குகிறது. வாடிக்கையாளர் உடனே கவனித்துவிடுகிறார். சீட்விஆர்2-வின் பெரிய மாடலுக்கு என் கார்டின் நினைவகம் போதவில்லை. சிறியதைத் துண்டுதுண்டாக ஓட்டினால் இரண்டு துண்டுகள் சேரும் இடம் தெரிகிறது. இவற்றையெல்லாம் சரிசெய்யத் தெரிந்தவருக்கு உங்கள் வழி பொருந்தும். பணம் வாங்கும் மென்பொருள் அந்தச் சிக்கலை எனக்காகத் தீர்த்துவைக்கிறது. அதற்குப் பணம் கொடுக்க நான் மறுக்கவில்லை. எதற்காகக் கொடுக்கிறேன் என்பதில்தான் சண்டை.

திரைச்சீலை:

நான் தனியாகப் படத்தொகுப்பு செய்பவள். மேம்படுத்தும் வேலை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைதான் வரும் என்பதால் சந்தா முறை எனக்கு உண்மையிலேயே வசதி. வேலை வரும் மாதத்தில் கட்டுகிறேன், முடிந்ததும் நிறுத்துகிறேன், அந்தத் தொகையை வாடிக்கையாளரின் பில்லில் சேர்த்துவிடுகிறேன். இந்த அளவில் நான் நிரல்வாணன் பக்கம்.

ஆனால் நிறுத்தும் இடத்தில்தான் வேஷம் கலைகிறது. பெரிய எழுத்தில் மாத விலை போட்டிருப்பார்கள். அது உண்மையில் ஆண்டு ஒப்பந்தத்தின் மாதத் தவணையாக இருக்கும். நடுவில் விலகினால் அபராதம். 2024 ஜூனில் அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனின் பரிந்துரையில் அந்நாட்டு அரசு அடோபி மீது தொடுத்த வழக்கின் மையக் குற்றச்சாட்டே இந்த விலகல் கட்டணத்தை மறைத்தார்கள் என்பதுதான். நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டு நெறிகளில் 13 வகைத் தந்திர வடிவமைப்புகளைப் பட்டியலிட்டிருக்கிறது. சந்தாப் பொறி அவற்றில் ஒன்று. முதலில் ஒரு விலையைக் காட்டிக் கடைசிக் கட்டத்தில் ஏற்றுவது இன்னொன்று. நாடாப்பெட்டி சொன்ன முன்னோட்டம் காட்டிவிட்டு எக்ஸ்போர்ட்டில் நிறுத்தும் பழக்கம் இவற்றுக்கு வெகு தொலைவில் இல்லை.

இன்னொரு தொல்லை, இது இந்தியாவில் இருப்பவர்களுக்கே உரியது. 2021 அக்டோபரிலிருந்து தானியங்கிக் கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கி கூடுதல் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. நுகர்வோருக்கு அது நல்ல பாதுகாப்பு. ஆனால் அதற்கேற்பத் தன் கட்டண அமைப்பை மாற்றிக்கொள்ளாத ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் சந்தா என் வங்கிக் கார்டில் புதுப்பிக்கப்படாமல் போய், வேலை நடுவில் நிற்கும்போது மென்பொருள் தன்னை இலவசப் பதிப்பாக மாற்றிக்கொண்டு, முடிந்த பகுதியின் மீதெல்லாம் வாட்டர்மார்க் போட்டுவிட்டது. அன்று இரவு வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டிய கோப்பு அது.

நிரல்வாணன்:

கட்டணம் தவறினால் ஓடிக்கொண்டிருக்கும் வேலையை முடிக்க விடாதது மோசமான வடிவமைப்பு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு திருத்தம்: அந்த நெறிகள் தடுப்பது மறைமுகமாகவும் தந்திரமாகவும் பணம் பிடிப்பதை, வெளிப்படையாக அறிவித்த சந்தாவை அல்ல. எந்த வசதி எந்த நிலையில் கிடைக்கும் என்று விலைப் பக்கத்தில் தெளிவாக எழுதிவிட்டால் அது விலை நிர்ணயம், அவ்வளவே.

இனி வரிசை வசதிக்கு வருகிறேன். அதை இயக்க நிறுவனத்துக்குச் செலவு இல்லை என்பது உண்மை. ஆனால் விலை செலவை மட்டும் பார்த்து வைக்கப்படுவதில்லை. ஒரு கல்லூரி மாணவரும் ஒரு ஸ்டூடியோவும் ஒரே மாடலைத்தான் பயன்படுத்துகிறார்கள்; ஸ்டூடியோ அதை வைத்துச் சம்பாதிக்கிறது. யார் ஸ்டூடியோ என்பதை நிறுவனம் எப்படி அறியும்? மாணவருக்குத் தேவைப்படாத, ஸ்டூடியோவுக்குக் கட்டாயம் தேவைப்படும் ஒரு வசதியைப் பிரித்து வைப்பதே அதற்கிருக்கும் எளிய வழி. அந்தப் பூட்டை எடுத்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே விலை வரும், அது மாணவருக்கு எட்டாத விலையாக இருக்கும்.

நாடாப்பெட்டி:

அப்படியானால் டாவின்சி ரிசால்வ் என்ற படத்தொகுப்பு மென்பொருளை எப்படி விளக்குவீர்கள்? இலவசப் பதிப்பிலேயே முழுப் படத்தொகுப்பு செய்யலாம். படத்தின் இரைச்சல் புள்ளிகளைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன், படத்தைப் பெரிதாக்கும் சூப்பர் ஸ்கேல் போன்றவை ஸ்டூடியோ பதிப்பில் இருக்கின்றன. அதற்கு 295 டாலர், ஒரே முறை. அதற்குப் பிறகு ஆண்டுதோறும் வந்த புதிய பதிப்புகளையும் கூடுதல் பணம் கேட்காமலே கொடுத்து வந்திருக்கிறார்கள். அவர்களும் புதிய கார்டுகளுக்கு ஏற்பச் சீராக்கத்தானே வேண்டியிருக்கிறது?

நிரல்வாணன்:

ரிசால்வைத் தயாரிக்கும் பிளாக்மேஜிக், கேமராவும் நிறத்தைச் சீராக்கும் கலர் பேனலும் விற்கும் நிறுவனம். பல கேமராக்களோடு அந்த ஸ்டூடியோ உரிமத்தைச் சேர்த்தே கொடுக்கிறார்கள். மென்பொருள் அவர்களுக்கு வன்பொருளை விற்பதற்கான வாசல். மென்பொருளைத் தவிர வேறெதுவும் விற்காத ஒரு நிறுவனத்திடம் அதே தாராளத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

நாடாப்பெட்டி:

சரி, மென்பொருளை மட்டுமே விற்கும் நிறுவனத்தையே எடுத்துக்கொள்வோம். உங்கள் துறைக்காரர்கள் அன்றாடம் பயன்படுத்தும் கருவிகளைச் செய்யும் ஜெட்பிரெயின்ஸ் 2015-இல் சந்தா முறையை அறிவித்தது. நிரலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். சில நாட்களிலேயே நிறுவனம் திட்டத்தை மாற்றியது: தொடர்ந்து பன்னிரண்டு மாதம் சந்தா கட்டியவர், பிறகு நிறுத்தினாலும், அந்த ஆண்டின் தொடக்கத்தில் இருந்த பதிப்பை நிரந்தரமாகப் பயன்படுத்தலாம். அந்த நிறுவனம் அதனால் மூழ்கிவிடவில்லை. இன்றும் அதே ஏற்பாடு தொடர்கிறது.

நான் கேட்பதும் இவ்வளவுதான். ஓராண்டு கட்டுகிறேன், இரண்டாண்டு கட்டுகிறேன். நிறுத்தும் நாளில் என் கணினியில் அதுவரை ஓடிக்கொண்டிருந்த மாடல்கள் அப்படியே ஓட வேண்டும். பாதியில் நிற்கும் ஒரு குடும்பத்தின் கேசட்டை அதே மாடலில், அதே தோற்றத்தில் முடித்துக்கொடுக்க முடிய வேண்டும். முதல் கேசட் ஒரு மாடலிலும் இரண்டாவது வேறொன்றிலும் ஓடினால் மணப்பெண்ணின் முகமே சற்று மாறித் தெரிகிறது. 720-க்கு 576 என்ற அளவிலிருந்து 4கே-வுக்குப் போகும்போது இருபது புள்ளிகளில் பத்தொன்பதை மாடல்தானே புதிதாக வரைகிறது.

கட்டற்றமூலம்:

அந்த நிறுவனத்தின் உரிமம் சரிபார்க்கும் சர்வரே ஒருநாள் மூடப்பட்டால்? நிரந்தரம் என்று எழுதிக் கொடுத்தாலும், இணையத்தில் போய் அனுமதி கேட்டுத்தான் திறக்கும் மென்பொருளில் அந்தச் சொல்லுக்கு எந்தப் பிடிமானமும் இல்லை. கேட்பதென்றால் இணையம் இல்லாமலே திறக்கும் உரிமத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

நிரல்வாணன்:

ஜெட்பிரெயின்ஸ் உதாரணத்தை உள்ளூரில் ஓடும் மாடல்களுக்கு ஏற்கிறேன். சர்வரில் ஓடுபவற்றுக்கு அது பொருந்தாது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். இணையமில்லா உரிமத்தில் திருட்டுப் பிரதி பெருகும் என்று நிறுவனம் அஞ்சும். அந்த அச்சத்தைக் காரணமற்றது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஒரு கேள்வி மட்டும். இந்த உத்தரவாதத்துக்காகச் சந்தாத் தொகை கால் பங்கு கூடும் என்றால் கட்டுவீர்களா? இந்த நிபந்தனைகளை வைப்பவர்களில் பலர், விலையைச் சொன்னதும் காணாமல் போய்விடுகிறார்கள். நிறுவனங்களும் அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கின்றன.

நாடாப்பெட்டி:

கட்டுவேன். ஒரு கேசட்டுக்கு இவ்வளவு என்று வாடிக்கையாளரிடம் சொல்லும்போது அந்தத் தொகையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியும். அடுத்த ஆண்டு எந்த வசதி எந்த மாடிக்கு ஏறும் என்று தெரியாத நிலையில்தான் கணக்குப் போட முடியவில்லை. தீபாவளிக்கு முன் முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்ட கேசட்டுகள் அலமாரியில் இருக்கின்றன. அவற்றைப் பழைய பதிப்பிலேயே முடிக்கப் போகிறேன். நீங்கள் சொன்ன கால் பங்கையும், கட்டற்றமூலம் சொன்ன இணையமில்லா உரிமத்தையும், வரிசை வசதியையும் சேர்த்து அந்த நிறுவனத்துக்கு எழுதுகிறேன். பதில் வந்தால் இங்கே அப்படியே பதிவிடுகிறேன்.

திரைச்சீலை:

எழுதும்போது, கட்டணம் தவறினால் ஓடும் வேலையை முடிக்க ஏழு நாளாவது அவகாசம் வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். அதற்கு விலை ஏற்ற வேண்டிய அவசியம்கூட இல்லை.