உரித்தெடுக்கும் ஸ்ப்ரே பூச்சு: அலாய் வீலுக்கு எத்தனை கோட்?

சாம்பல்குதிரை:
என் காரில் இருப்பது வெள்ளி நிற அலாய் வீல். மேட் கறுப்பாக மாற்ற ஆசை. ஆனால் வண்டியை விற்கும்போது பழைய நிறம் அப்படியே வேண்டும் என்பதால் பெயிண்ட் வேண்டாம். பிளாஸ்டி டிப் மாதிரி, வேண்டாதபோது உரித்துவிடும் ரப்பர் பூச்சு அடிக்கலாம் என்று இருக்கிறேன். எத்தனை கோட் அடிக்க வேண்டும்? டயரைப் பிரிக்க வேண்டுமா? பிரேக் சூட்டைத் தாங்குமா? நாலு வீலுக்கும் சேர்த்து இரண்டு கேன் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஸ்ப்ரேகன்:
இரண்டு கேன் போதாது நண்பரே. வீலுக்கு ஒரு கேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பூச்சு உரிந்து வருவதே அதன் தடிமனால்தான். மெல்லிசாக அடித்த இடத்தை நகத்தால் சுரண்டிச் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். தடிமனாக இருந்தால், ஸ்போக் ஓரத்தில் கிளப்பிவிட்டு இழுத்தால் கையுறை கழற்றுவது போல வந்துவிடும்.

முதல் கோட்டிலேயே வீலை மூடப் பார்க்காதீர்கள். பாதி வெள்ளி தெரியும்படி தூவினால் போதும், அடுத்த கோட்டுக்கு அதுதான் பிடிமானம். கேனை 15–20 செ.மீ. தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் ஓட்டுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே 10–15 நிமிடம் விடுங்கள். மொத்தம் ஐந்து கோட்டாவது வேண்டும். கடைசிக் கோட் மட்டும் ஈரம் மின்னும் அளவுக்கு, வழியாமல் நிறைவாக விழட்டும். நேரே நின்று அடித்தால் ஸ்போக்கின் பக்கவாட்டு வெள்ளியாகவே நிற்கும். குனிந்து, சுற்றி வந்து, நாலு கோணத்திலும் அடியுங்கள்.

பாதி வேலை கழுவுவதில்தான் இருக்கிறது. பிரேக் தூசியும் டயர் பாலிஷின் சிலிக்கோனும் துளி இருந்தாலும் பூச்சு அங்கே ஒட்டாது. கழுவிய பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துணி நனைத்துத் துடையுங்கள். நட் துளைகளுக்குள் தண்ணீர் ஒளிந்துகொண்டிருக்கும். காற்றடித்து வெளியேற்றாவிட்டால், சரியாக மூன்றாவது கோட் அடிக்கும்போது சொட்டும்!

ரிம்மிலிருந்து டயரைப் பிரிக்க வேண்டாம். தடித்த அட்டைகளை டயருக்கும் ரிம் விளிம்புக்கும் நடுவே சுற்றிலும் செருகினால் போதும். டயர்மேல் கொஞ்சம் பட்டாலும் காய்ந்ததும் தேய்த்தால் போய்விடும்.

இனி சொல்வதைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நட் வந்து உட்காரும் இடத்திலும், வீலின் பின்புறம் ஹப்போடு (வண்டியில் வீல் மாட்டப்படும் நடுப்பகுதி) ஒட்டும் முகத்திலும் பூச்சு படவே கூடாது. இடையில் ரப்பர் சிக்கினால் ஓட ஓட அது நசுங்கும், நட்டின் இறுக்கம் தளரும். துளைகளை அடைத்துவிட்டு அடியுங்கள். மாட்டும்போது வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) முறுக்கி, 80–100 கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபாருங்கள்.

சூட்டைப் பொறுத்தவரை, இந்தப் பூச்சு சுமார் 93 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். பிரேக் டிஸ்க் அதைவிட எவ்வளவோ சூடாகும், ஆனால் வீலின் வெளிமுகம் சாதாரண ஓட்டத்தில் அந்த அளவுக்குப் போகாது. உள்பக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். வீல் ஆடாமல் சுழல அங்கே ஒட்டியிருக்கும் பேலன்ஸ் எடைகளும் உரிக்கும்போது கூடவே வந்துவிடும்.

மழைச்சாலை:
அண்ணன் சொன்னதோடு இரண்டு விஷயம். பெட்ரோல் பட்டால் இந்தப் பூச்சு கரையும், எனவே பெட்ரோல் நனைத்த துணியால் வீலைத் துடைக்கும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பிரஷர் வாஷர் முனையை விளிம்பருகே கொண்டுபோகாதீர்கள், ஒரு மூலை கிளம்பினால் முழுசும் கிளம்பும். அப்புறம், வீலைக் கழற்றாமல் வண்டியிலேயே வைத்து அடிக்கலாமா? எனக்கு ஜாக் வேலை பயம்.

ஸ்ப்ரேகன்:
அடிக்கலாம், ஆனால் எனக்கு உடன்பாடில்லை. டிஸ்க், அதைப் பிடித்து நிறுத்தும் காலிப்பர் இரண்டையும் ஸ்போக் இடுக்கு வழியாக முழுசாக மூட வேண்டும். டிஸ்க்கில் படிந்தது பிரேக் பேடுக்குப் போகும். கழற்றினால் ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள். ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான்கள் தீப்பிடிப்பவை, அதனால் காற்றோட்டமான இடத்தில், பக்கத்தில் நெருப்பில்லாமல், கரி வடிகட்டி உள்ள மாஸ்க் போட்டு அடியுங்கள். தூசி மாஸ்க் ஆவியைத் தடுக்காது.

சாம்பல்குதிரை:
மிக்க நன்றி. ஒரு வீலில் நடைபாதை ஓரம் உரசிய கீறல் இருக்கிறது, மறையுமா? ஒரு இடத்தில் கிளியர் கோட்டும் (நிறத்தின் மேலுள்ள கண்ணாடி போன்ற பூச்சு) செதிலாகக் கிளம்பியிருக்கிறது.

ஸ்ப்ரேகன்:
மேட் கறுப்பில் கீறல் கண்ணை உறுத்தாது, ஆனால் பள்ளம் பள்ளமாகவே தெரியும். உப்புத்தாள் போட்டுச் சமன் செய்யலாம், ஆனால் உரித்த பிறகு அந்த இடம் பழைய வெள்ளியாக இருக்காது. கிளியர் கோட் கிளம்பிய வீலில் நான் அடிக்கவே மாட்டேன், உரிக்கும்போது அதையும் பிய்த்துக்கொண்டு வரும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள், மற்ற மூன்றையும் இப்போதே அடிக்கலாம். வருடங்கள் கழித்து உரிக்க வராமல் அடம்பிடித்தால், மேலேயே புதிதாக இரண்டு கனமான கோட் அடித்து, நன்றாகக் காயவிட்டு இழுங்கள். பழையதையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடும்.