எஃப்1, மோட்டோஜிபி இரண்டும் லிபர்ட்டி கையில்: இலவச டிவிக்கு இனி இடம் உண்டா?

வேகன்78:
மோட்டோஜிபி பைக் பந்தயத்தை நடத்தும் டோர்னா நிறுவனத்தை, அமெரிக்காவின் லிபர்ட்டி மீடியா நிறுவனம் 2025 ஜூலையில் வாங்கி முடித்துவிட்டது. எஃப்1 கார் பந்தயம் 2017 ஜனவரியிலிருந்தே அவர்களிடம்தான் இருக்கிறது. பலருக்கு மறந்துபோன ஒரு பழைய கதையைச் சொல்கிறேன். 2006இல் சிவிசி என்ற முதலீட்டு நிறுவனம் எஃப்1ஐ வாங்க வந்தபோது டோர்னா ஏற்கெனவே அவர்கள் வசம் இருந்தது. இரண்டும் ஒரே முதலாளியிடம் போனால் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் ஒளிபரப்பு உரிமையின் விலை ஏறிவிடும், டோர்னாவை விற்றால்தான் அனுமதி என்றது, இப்படிப்பட்ட கைமாற்றங்களைச் சரிபார்க்கும் ஐரோப்பிய ஆணையம். சிவிசியும் விற்றது. அதே ஆணையம் இப்போது, இவை இரண்டும் ஒன்றுக்கொன்று நெருங்கிய போட்டி இல்லை என்று சொல்லி எந்த நிபந்தனையும் இல்லாமல் விட்டுவிட்டது.

பேரம் பேசும் இடத்தில் இரண்டு விளையாட்டையும் கையில் வைத்திருப்பவனுக்குப் பலம் அதிகம். இலவச சேனல்களால் அந்த விலைக்கு ஈடு கொடுக்க முடியாது. சந்தா கட்ட முடியாத ரசிகனைப் பற்றி யாருமே பேசவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பிட்லேன்_கிளி:
பழியைத் தவறான ஆள் தலையில் போடுகிறீர்கள். பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். 2011 மே மாதம் மர்டாக்கின் நியூஸ் கார்ப் ஊடக நிறுவனம், அக்னெல்லி குடும்பத்தின் எக்ஸோர் முதலீட்டு நிறுவனத்துடன் சேர்ந்து எஃப்1ஐ வாங்கப் பார்த்தது. இலவச டிவி போய்விடும் என்று அப்போதும் எல்லோரும் பதறினார்கள். அந்தப் பேரம் படியவில்லை. ஆனால் ஜூலை 29ஆம் தேதி, ஹங்கேரி பந்தய வாரத்தில், இலவசமாகக் காட்டிவந்த பிபிசியே பாதிப் பந்தயங்களைச் சந்தா சேனலான ஸ்கைக்கு விட்டுக்கொடுத்தது. பிபிசிக்காக மக்கள் கட்டும் உரிமக் கட்டணத்தை அரசு உயர்த்தாததால் செலவைக் குறைக்க வேண்டிய நிலை. 2018 வரை ஒப்பந்தம் இருந்தும் 2015 முடிவிலேயே மொத்தமாக விலகியது. அந்த இடத்துக்கு இலவச சேனலான சேனல் 4 வந்தது. 2019 முதல், பிரிட்டன் பந்தயம் தவிர, நேரலை முழுக்க ஸ்கைக்கு என்று 2016 மார்ச்சில் கையெழுத்தானபோது எஃப்1ஐ நடத்தியவர் எக்கல்ஸ்டன், உரிமையாளர் சிவிசி. லிபர்ட்டி அப்போது வந்திருக்கவே இல்லை. பிரான்சில் இலவச சேனலான டிஎஃப்1 போய் சந்தா சேனலான கனால் பிளஸ் வந்ததும் 2013இல்தான்.

ஸ்டுட்கார்ட்_குமரன்:
முதலாளி யாராக இருந்தால் என்ன, இழப்பு இழப்புதானே? நான் ஜெர்மனியில் வளர்ந்தவன். இங்கே 1991 முதல் 2020 வரை எஃப்1 காட்டியது ஆர்டிஎல் என்ற இலவச சேனல். ஜெர்மன் ஓட்டுநர் ஷூமாக்கர் முதல் எஃப்1 பந்தயம் ஓட்டியதும் அதே 1991தான். ஞாயிறு மதியம் எங்கள் குடியிருப்பில் எந்த வீட்டுக் கதவைத் தாண்டினாலும் வர்ணனையாளர் ஹைக்கோ வாஸரின் குரல்தான் கேட்கும். நிருபர் கை ஏபெல் (Kai Ebel) கண்ணைப் பறிக்கிற சட்டையோடு, கார்களுக்கு டயர் மாற்றும் பிட்லேனில் மைக்கை நீட்டிக்கொண்டு நிற்பார். ஜெர்மன் சரியாக வராத என் அப்பாவுக்கு டயர், பெட்ரோல், பிட்ஸ்டாப் எல்லாம் அந்தச் சட்டைக்காரர் மூலமாகத்தான் பழக்கம். மேல்மாடியில் இருந்த ஓய்வுபெற்ற மெக்கானிக் தாத்தாவோடு அவர் பேச ஆரம்பித்ததும் இந்தப் பந்தயத்தை வைத்துத்தான்.

2021இல் எல்லாம் ஸ்கைக்குப் போனது. ஆர்டிஎல்லுக்கு ஆண்டுக்குச் சில பந்தயங்கள் மட்டும் கிடைத்தன. இப்போது எங்கள் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டால் ஓட்டுநர் வெர்ஸ்டாப்பன் பெயர் தெரியும், ஒரு முழுப் பந்தயம் பார்த்திருக்க மாட்டார்கள்.

நெல்லை_பைக்கர்:
குமரன் அண்ணா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. 2001இல் ஆர்டிஎல்லில் சராசரியாக ஒரு கோடிக்கு மேல் பார்த்தார்கள். 2020இல் அது சுமார் 40 லட்சம். இந்தச் சரிவு முழுக்க இலவசமாகக் காட்டிய காலத்தில் நடந்தது. 2010இல் ஆறு ஜெர்மன் ஓட்டுநர்களோடு சீசன் தொடங்கியது. வெட்டல் ஓய்வு பெற்றபின் ஹுல்கன்பர்க் ஒருவர்தான். ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் களத்தில் கடைசி எஃப்1 பந்தயம் 2019. சொந்த ஊர் நாயகன் இல்லாவிட்டால் சும்மா கொடுத்தாலும் கூட்டம் வராது.

அப்புறம், எக்கல்ஸ்டன் காலத்தில் ஓட்டுநர் தன் செல்போனில் ஒரு வீடியோ எடுத்துப் போடவே கட்டுப்பாடு. லிபர்ட்டிதான் அதைத் தளர்த்தியது. யூடியூபில் ஹைலைட்ஸ் இலவசம். 2014இல் கேட்டர்ஹாம், மருசியா என்ற இரண்டு அணிகள் திவாலாகி நின்றன. இன்று அணிக்குள் நுழையப் பணத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். அந்தப் பணம் சந்தாவிலிருந்தும் வருகிறது.

லண்டன்_செல்வி:
ஐந்து நிமிட ஹைலைட்ஸ் பார்த்து யாரும் ரசிகராக மாட்டார்கள், தம்பி. ஒரு முந்தலுக்காக இருபது சுற்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்வதில்தான் இந்த விளையாட்டின் ருசி.

2021 அபுதாபியை நினைத்துப் பாருங்கள். ஹாமில்டனும் வெர்ஸ்டாப்பனும் சமப் புள்ளிகளோடு கடைசிப் பந்தயத்துக்கு வந்தார்கள். நேரலை உரிமை ஸ்கையிடம் மட்டும்தான். இருந்தும் சேனல் 4இலும் நேரலையாகப் போக விட்டார்கள். அதுவரை எஃப்1 பற்றி வாயே திறக்காத என் அலுவலகத்துத் தோழிகள் மறுநாள் காலை சேஃப்டி கார் (விபத்தின்போது முன்னால் போய் ஓட்டத்தை மெதுவாக்கும் கார்) விதியைப் பற்றிச் சண்டை போட்டார்கள். நாடே சேர்ந்து பார்க்க வேண்டிய பந்தயம் என்று வந்தபோது ஸ்கையே பூட்டைத் திறந்ததே, அதற்கு என்ன காரணம் சொல்கிறீர்கள்?

பிட்லேன்_கிளி:
வியாபார புத்திதான் காரணம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. தேவைப்படும் இடத்தில் சந்தையே இலவச டிவியைத் தேடி வரும் என்கிறேன். பிரேசிலில் குளோபோ விட்டதும் இன்னொரு இலவச சேனலான பாண்ட் 2021இல் எடுத்தது. ஆஸ்திரியாவில் இலவச சேனல்களான ஓஆர்எஃப்பும் செர்வுஸ் டிவியும் பந்தயங்களைப் பங்குபோட்டுக் காட்டினார்கள். இவை எல்லாம் லிபர்ட்டி காலத்தில்தான்.

வேகன்78:
முதலாளி மனம் வைத்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் இல்லை என்ற நிலையைத்தான் நான் எதிர்க்கிறேன். சட்டத்தால் முடியும். ஆஸ்திரேலியாவில் இலவச டிவிக்குப் போக வேண்டிய விளையாட்டுகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. அங்கே நடக்கும் எஃப்1 பந்தயமும் மோட்டோஜிபி பந்தயமும் அதில் இருக்கின்றன. பிரிட்டனிலும் 1996 சட்டத்தின்படி அப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. விம்பிள்டன் இறுதி, எஃப்ஏ கோப்பை இறுதி, கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயம் எல்லாம் உண்டு, சில்வர்ஸ்டோனில் நடக்கும் பிரிட்டன் எஃப்1 பந்தயம் இல்லை. சேனல் 4இல் அது நேரலையாக வருவது ஒப்பந்தத்தின் தயவில்தான். அடுத்த ஒப்பந்தத்தில் அந்த வரியை எடுத்துவிட்டால் கேட்க ஆள் கிடையாது.

நெல்லை_பைக்கர்:
உள்ளூர்ப் பந்தயம் ஒன்றைப் பட்டியலில் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. 24இல் ஒன்று போனால் எந்த அணியும் மூழ்கிவிடாது. ஆனால் பாதிப் பந்தயங்கள் என்று கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பள்ளத்தை யார் நிரப்புவது? கடைசியில் டிக்கெட் விலையில்தான் வந்து விடியும்.

ஸ்டுட்கார்ட்_குமரன்:
அப்படியானால் ஜெர்மனிக்கு என்ன வழி? எங்களுக்கு இப்போது உள்ளூரில் எஃப்1 பந்தயமே கிடையாதே. மோட்டோஜிபிக்காவது சாக்சன்ரிங் பந்தயக் களம் இருக்கிறது. எஃப்1இல் சீசனின் முதல் பந்தயமும் கடைசிப் பந்தயமும் எல்லா நாட்டிலும் இலவச டிவியில் போக வேண்டும் என்று கேட்பதில் என்ன தப்பு? லிபர்ட்டி இரண்டு விளையாட்டுக்கும் உரிமையாளர். நினைத்தால் ஒப்பந்தம் போடும்போதே எழுதிவிடலாம்.

லண்டன்_செல்வி:
இதை நானும் வழிமொழிகிறேன். அதோடு தகுதிச் சுற்றையும் சேர்த்துக் கேளுங்கள் குமரன். சனிக்கிழமை ஒரு மணி நேரம்தான், பிள்ளைகள் எழுந்து போகாமல் பார்ப்பார்கள்.