காசு கொடுத்து ஓட்டு வாங்கினால் அது விளம்பரம்தானே?

மாடித்தோட்டம்:
ஸ்டீமிட்டில் எழுதுகிறேன். பதிவுக்கு விழும் ஓட்டைப் பொறுத்து ஸ்டீம் என்ற கிரிப்டோ நாணயத்தில் காசு தரும் தளம் அது. போன வாரம் கத்தரியில் மாவுப்பூச்சி வந்ததையும், வேப்பெண்ணெய் தெளித்ததையும் படங்களோடு போட்டேன். ஏழு நாள் கழித்து வந்த தொகை ஒரு டீக்குக் காணாது. தெரிந்தவர் ஒருவர், "ஓட்டு விற்கிற பாட் (தானியங்கி நிரல்) கணக்குக்கு ஸ்டீம் அனுப்பு, மெமோவில் பதிவின் லிங்கைப் போடு, போட்டதற்கு மேலேயே திரும்பி வரும்" என்கிறார். கடைக்காரர் நோட்டீஸ் அடிப்பது போலத்தானே இதுவும்? இதில் என்ன தப்பு?

குமிழ்:
ஒரு தப்பும் இல்லைங்க. அங்கே ஓட்டின் பலமே ஸ்டீம் கையிருப்பைப் பொறுத்ததுதான். பெரிய முதல் வைத்திருப்பவர் தன் பதிவுக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொள்கிறார். அவர் செய்தால் முதலீடு, நாம் செய்தால் மோசடியா?

ராக்கோழி:
நோட்டீஸ் அடிக்கிறவர் தன் கைக்காசை விடுகிறார். இங்கே கைவைப்பது பொது நிதியில். ஸ்டீம் புதிது புதிதாக நாணயம் வெளியிடுகிறது. அதில் பெரும்பங்கு எழுதுகிறவர்களுக்கும் ஓட்டுப் போடுகிறவர்களுக்கும் ஒதுக்கியது. வாங்கிய ஓட்டும் அதிலிருந்துதான் எடுக்கும். உங்களுக்குக் கூடினால் மற்றவர்களுக்குக் கொஞ்சம் குறையும்.

2018-இல் டிரெண்டிங் பக்கத்தை, அதாவது அதிகத் தொகைக்கு ஓட்டு விழுந்த பதிவுகள் வரும் பக்கத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாட்கள் 2.4 மணி நேரத்துக்கு ஒரு ஏலம் நடத்தின. அதென்ன 2.4? முழுப் பலத்தில் ஓர் ஓட்டுப் போட்டால் ஓட்டுச் சக்தியில் 2 சதவீதம் குறையும். நாளுக்கு 20 சதவீதம் திரும்ப ஊறும். ஆக, அவ்வளவு நேரத்தில் பழையபடி ஆகிவிடும். ஒரு சுற்றில் காசு போட்டவர்களுக்கு அவரவர் தொகைக்கேற்ப அந்த ஓட்டைப் பங்குவைக்கும். கடைசி நிமிடத்தில் யாராவது பெரிய தொகையாகப் போட்டால் உங்கள் பங்கு சுருங்கும், போட்ட காசே வராது. உங்கள் நண்பர் இதைச் சொன்னாரா? பாட் நடத்துகிறவருக்கும், அவருக்கு ஸ்டீம் பவரை (ஓட்டுக்குப் பலம் தரும் கையிருப்பை) டெலிகேட் செய்தவர்களுக்கும், அதாவது இரவல் கொடுத்தவர்களுக்கும் மட்டும் வருமானம் நிச்சயம். பதிவு நல்லதா குப்பையா என்று யாரும் பார்ப்பதில்லை.

உண்மையான விளம்பரத்துக்கு ஸ்டீமிட்டிலேயே வழி இருந்தது. ப்ரமோட் பொத்தானை அழுத்தி, ஸ்டீம் டாலரை (அங்கே புழங்கும் இன்னொரு நாணயம்) 'நல்' என்ற கணக்குக்கு அனுப்பினால் அந்தக் காசு அழிந்துபோகும். பதிவு ப்ரமோட்டட் பக்கத்தில் ஏறும். யார் பங்கும் குறையாது. பாட் பக்கம் ஓடிய கூட்டம் அதைச் சீண்டவில்லை. திரும்பி வராத காசாயிற்றே!

குமிழ்:
சரி, சுய ஓட்டுக்கு என்ன சொல்கிறீர்கள்?

ராக்கோழி:
அதுவும் அதே நிதியைச் சுரண்டுவதுதான், வக்காலத்து வாங்க மாட்டேன். 2019 ஆகஸ்டில் வந்த 21-ஆவது ஹார்ட்ஃபோர்க் (பிளாக்செயினின் விதிமாற்றம்) ஓட்டு விற்பனை, சுய ஓட்டு இரண்டையும் சேர்த்துத்தான் குறிவைத்தது. பதிவுக்கு வரும் தொகையில் ஓட்டுப் போடுகிறவர் பங்கு 25 சதவீதத்திலிருந்து 50 ஆனது. அடுத்தவர் பதிவுக்கு ஓட்டுப் போட்டாலும் லாபம் என்றாக்கப் பார்த்தார்கள். எதிர் ஓட்டுக்கென்று தனிச் சக்தியும் கொடுத்தார்கள். அதுவரை ஒருத்தர் பதிவைக் கீழே தள்ள வேண்டுமானால் சொந்த வருமானத்தை இழக்க வேண்டும். அதற்கப்புறம் பல பாட்கள் கடையை மூடின.

மாடித்தோட்டம்:
நான் ஓட்டு வாங்கி, பதிவிடும்போதே டிக்ளைன் பேஅவுட் (எனக்குப் பணம் வேண்டாம்) என்று போட்டுவிட்டால்?

ராக்கோழி:
அப்படியென்றால் எனக்குச் சண்டை இல்லை. நிதியில் ஒரு பைசா எடுக்கவில்லை, டிரெண்டிங்கில் ஓர் இடம் பிடிக்கிறீர்கள், அவ்வளவுதான். ஓட்டு வாங்கியது என்று மேலே ஒரு வரி எழுதிவிடுங்கள். எப்படியும் அந்தப் பணப் பரிமாற்றம் பிளாக்செயினில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆனால் உங்கள் நண்பர் சொன்ன லாபம் அதில் கிடையாது.

அது இருக்கட்டும், வேப்பெண்ணெயில் சோப்புக் கரைசல் கலந்தீர்களா? கலக்காவிட்டால் தண்ணீரோடு சேராது, மாவுப்பூச்சி அசையாது.