வின்னிபெக் குளிருக்குக் காரை எப்படி ஆயத்தப்படுத்துவது?

கேள்வி:
உறவுகளுக்கு வணக்கம். பத்து ஆண்டுகள் கனடாவின் ரொறன்ரோவில், ஸ்காபரோவில் இருந்துவிட்டு, வேலை மாற்றம் காரணமாக இந்த மாதம் குடும்பத்தோடு வின்னிபெக்குக்கு வந்திருக்கிறோம். அங்கே விண்டர் ரயரை மாற்றி, கண்ணாடி கழுவும் திரவத்தை நிரப்பிவிட்டால் என் ஆயத்தம் முடிந்துவிடும். இங்கோ சனவரியில் மைனஸ் 30 பாகை சாதாரணம் என்றும், என்னுடைய ஏழு வயதுக் கார் அதைத் தாங்காது என்றும் அயலவர்கள் பயமுறுத்துகிறார்கள். முதலில் எதற்குச் செலவு செய்வது?

மறுமொழி 1:
இங்கே 14 குளிர்காலங்களைக் கண்டவன் என்ற முறையில் சொல்கிறேன், முதற்செலவு பற்றரிக்கே. கடுங்குளிரில் பற்றரியின் உள்ளே நடக்கும் இரசாயன மாற்றம் மந்தமாகி அதன் வலு பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அதே நேரத்தில் என்ஜின் ஒயில் தேன்போல் தடித்து, என்ஜினைச் சுழற்றக் கூடுதல் வலுவைக் கேட்கிறது. காரோடு வந்த பற்றரிதான் இன்னும் இருக்கிறது என்றால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். ஒயில் மாற்றும்போது, காரின் கையேடு அனுமதித்தால், குளிரிலும் அதிகம் தடிக்காத 0டபிள்யூ (0W) வகையைக் கேளுங்கள்.

அடுத்தது பிளொக் ஹீற்றர், அதாவது நிறுத்தி வைத்த காரின் என்ஜினை மின்சாரத்தால் சூடாக்கி வைக்கும் கருவி. இங்குள்ள தரிப்பிடங்களில் காணும் மின்செருகிக் கம்பங்கள் இதற்காகவே நடப்பட்டவை. (மின்சாரக் காருக்கு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.) இரவு முழுவதும் செருகி வைக்க வேண்டியதில்லை, புறப்படுவதற்கு நான்கு மணி நேரத்துக்கு முன் இயங்கத் தொடங்கும்படி ஒரு டைமரைப் பொருத்தினால் மின்கட்டணமும் மிஞ்சும். கூலன்ற் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கலவையையும் சோதிப்பியுங்கள். சரிபாதி தண்ணீர் கலந்தது ஏறத்தாழ மைனஸ் 37 வரையே உறையாமல் நிற்கும், யாராவது இடையில் வெறும் தண்ணீர் ஊற்றியிருந்தால் அதுகூட இல்லை.

மறுமொழி 2:
மேலே உள்ளவர் சொன்னவை எல்லாம் சரி, வரிசையில்தான் எனக்கு உடன்பாடில்லை. கார் இயங்காவிட்டால் வேலைக்குப் பிந்துவீர்கள், அவ்வளவுதான். சந்தியில் பிரேக்கை அழுத்தியும் கார் நிற்காவிட்டால் கதையே வேறு. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் ரயர் சட்டப்படி கட்டாயம். வின்னிபெக் இருக்கும் மனிரோபா மாகாணத்தில் அப்படி ஒரு சட்டம் இல்லை என்பதற்காக அசட்டையாக இருந்துவிடாதீர்கள். உங்களிடம் விண்டர் ரயர் ஏற்கெனவே இருப்பதால், பக்கவாட்டில் மலைமுகடும் பனித்துகளும் கொண்ட குறி இருக்கிறதா, ரயரின் மேற்பரப்புத் தவாளிப்பின் ஆழம் 4 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வெப்பநிலை ஐந்தாறு பாகை இறங்கும்போதெல்லாம் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ குறையும், ஆகவே கராஜின் கதகதப்பில் அளந்த கணக்கு வெளியே செல்லாது.

இன்னுமொன்று: நகருக்கு வெளியே பனியில் மாட்டிக்கொண்டால், சூட்டுக்காக என்ஜினை இயக்குமுன் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அள்ளி அகற்றுங்கள். குழாய் அடைபட்டால் கார்பன் மொனொக்சைட் உள்ளே வந்துவிடும், அதற்கு மணமும் கிடையாது. ஆகவே மண்வெட்டியை டிக்கியில் வைக்காமல் பின் இருக்கையில் வையுங்கள். டிக்கிக் கதவு உறைந்து திறக்காமல் போனதில் நான் கற்ற பாடம் இது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. கைவிளக்கோடு போய்ப் பார்த்தேன், காரின் முன்பக்கக் கிறிலுக்குப் பின்னால் பிளொக் ஹீற்றரின் வயர் எதுவும் இல்லை. ஹீற்றர் பொருத்தவும் பற்றரி மாற்றவும் வெள்ளிக்கிழமைக்கு மெக்கானிக்கிடம் நேரம் எடுத்திருக்கிறேன். ரயரின் தவாளிப்பு ஒரு பக்கத்தில் 3 மில்லிமீற்றர்தான் இருக்கிறது, ஆகவே அந்தச் செலவும் தப்பாது போலிருக்கிறது.