600 கி.மீ. உயரத்தில் சுற்றும் 3 டன் ராக்கெட் கட்டத்தைக் கீழே இறக்க என்ன ஆகும்?

கயல்_வானம் (கேள்வி):
2009-இல் கோசாட் செயற்கைக்கோளை ஏற்றிப்போன ஹெச்-2ஏ ராக்கெட்டின் மேல் கட்டம் இன்னும் சுமார் 600 கி.மீ. உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. 11 மீட்டர் நீளம், 4 மீட்டர் விட்டம், எடை 3 டன். விண்வெளிக் குப்பையை அகற்ற முயலும் ஜப்பானிய நிறுவனம் ஆஸ்ட்ரோஸ்கேலின் அட்ராஸ்-ஜே கலம் 2024 நவம்பரில் அதை 15 மீட்டர் வரை நெருங்கிவிட்டது. அவ்வளவு பக்கத்தில் போனபின் பிடித்து இறக்குவதில் என்ன சிக்கல்? வலை போதுமா, ரோபோ கைதான் வேண்டுமா? எரிபொருள் எவ்வளவு?

பாதைக்கணக்கு:
முதலில் எரிபொருள். 600 கி.மீ. வட்டப் பாதையின் தாழ்புள்ளியை (பூமிக்கு மிக அருகே வரும் இடத்தை) 50 கி.மீ.க்கு இறக்க, நொடிக்கு 157 மீட்டர் வேகத்தைக் குறைக்க வேண்டும். பிடிக்கும் கலம் அரை டன் என்றால் இரண்டும் சேர்ந்து 3.5 டன். ஹைட்ரசின் எரிபொருளில் இயங்கும் த்ரஸ்டரின் (சிறு உந்துபொறி) ஐஎஸ்பி, அதாவது எரிபொருள் திறனைக் காட்டும் அளவு, 220 நொடி என்று வைத்தால் 250 கிலோ செலவு. கலத்தின் எடையில் பாதி! இது இறக்குவதற்கு மட்டும்.

அங்கே போய்ச் சேரும் செலவை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். சுற்றுத்தளத்தை (சுற்றுப்பாதை கிடக்கும் தளத்தை) ஒரே ஒரு பாகை நேரடியாகத் திருப்ப நொடிக்கு 132 மீட்டர் வேண்டும். அதனால் திருப்பாமல் காத்திருப்பதுதான் வழி. அதே சாய்வில் 100 கி.மீ. கீழே, 500 கி.மீ.யில் சுற்றினால், பூமியின் நடுப்பகுதிப் புடைப்பு நம் தளத்தை இலக்கின் தளத்தைவிட நாளுக்கு 0.05 பாகை அதிகம் நகர்த்தும். ஒரு பாகைக்கு 20 நாள். பிறகு மேலே ஏற நொடிக்கு 55 மீட்டர்தான். நம் தளம் முந்திப் போயிருந்தால் கதை மாறும். மேலே ஏறிக் காத்திருக்க வேண்டும்.

கயல்_வானம்:
நன்றி. சுழன்றுகொண்டிருந்தால்?

முறுக்குவிசை:
அங்கேதான் சின்னக் கலங்கள் தோற்கின்றன. இந்த அளவுள்ள கட்டம் குறுக்குவாட்டில் சுழலும்போது அதன் நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சியை மாற்றவிடாமல் எதிர்க்கும் அளவு) சுமார் 30,000 கிலோ-மீ². நொடிக்கு ஒரு பாகை சுழன்றாலே கோண உந்தம் (நிறுத்த வேண்டிய சுழற்சியின் அளவு) 500 நியூட்டன்-மீட்டர்-நொடியைத் தாண்டும். சிறு செயற்கைக்கோள் தன்னைத் திருப்பிக்கொள்ள உள்ளே சுழற்றும் எதிர்வினைச் சக்கரத்தால் தாங்க முடிவது அதில் மிகச் சொற்பம். த்ரஸ்டரால்தான் நிறுத்த வேண்டும். அந்த வேகத்தில் கட்டத்தின் முனை நொடிக்கு 10 செ.மீ. நகர்கிறது, பிடிக்கும் கை அதே வேகத்தில் கூடவே வர வேண்டும்.

எங்கே பிடிப்பது? செயற்கைக்கோள் உட்கார்ந்திருந்த பொருத்து வளையம். கட்டத்தில் உறுதியான உலோக விளிம்பு அங்கேதான். அட்ராஸ்-ஜே எடுத்த படங்களில் அந்த வளையத்தில் பெரிய சேதம் தெரியவில்லை. தொட்டியின் மெல்லிய சுவரைக் கவ்வினால் நசுங்கும். பிடி வழுகினால் கட்டம் தள்ளப்பட்டுப் புதிதாகச் சுழலத் தொடங்கும்.

வலை எனக்கு நம்பிக்கை தரவில்லை. 2018 செப்டம்பரில் ரிமூவ்டெப்ரி என்ற குப்பை அகற்றும் சோதனைக் கலம் வலை வீசியது உண்மை. ஆனால் இலக்கு அந்தக் கலமே விட்டெறிந்து ஊதிப் பெருகிய ஒரு மீட்டர் பொருள். வலையும் கலத்தோடு கட்டப்படவில்லை. கயிறு கட்டி இழுத்தால், த்ரஸ்டரை நிறுத்தியதும் கயிறு தளரும், 3 டன் பொருள் நம் பக்கமே மிதந்து வரும். கயிற்றை ஒருபோதும் தளரவிடக்கூடாது.

பாதைக்கணக்கு:
ஒன்று சேர்க்கிறேன். கை பிடித்தபின் இரண்டும் ஒரே பொருள். எடைமையம் எங்கே என்று துல்லியமாகத் தெரியாது. 100 நியூட்டன் உந்துவிசை மையத்திலிருந்து 5 செ.மீ. விலகினால் 5 நியூட்டன்-மீட்டர் முறுக்கு. அதனால் முதல் எரிப்பு ஓரிரு நிமிடம் மட்டும். திரும்பும் வேகத்தை அளந்து மையத்தைக் கணக்கிட்ட பிறகே நீண்ட எரிப்பு. 100 நியூட்டனில் மொத்தம் ஒன்றரை மணி நேரம் எரிக்க வேண்டியிருப்பதால், பல சுற்றுகளாகப் பிரித்து உயர்புள்ளியில் செய்ய வேண்டும்.

கடைசி எரிப்பில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. இஸ்ரோ 2023 மார்ச் 7 அன்று மேகா-டிராபிக்ஸ்-1-ஐ இறக்கியதைப் பாருங்கள். 1 டன் எடையுள்ள அந்தச் செயற்கைக்கோள் இதற்காக வடிவமைக்கப்படவே இல்லை. 2022 ஆகஸ்ட் முதல் படிப்படியாகத் தாழ்த்தி, கடைசியில் 11 நியூட்டன் த்ரஸ்டர்கள் நான்கை இரண்டு முறை, தலா 20 நிமிடம் அளவுக்கு எரித்துப் பசிபிக்கில் விழவைத்தார்கள். எரிபொருள் 120 கிலோவுக்கு மேல் மீந்திருந்ததால்தான் முடிந்தது. தாழ்புள்ளி 150 கி.மீ. அளவில் நின்றுவிட்டால் காற்று இழுக்க ஆரம்பித்துவிடும். எங்கே விழும் என்பது நம் கையில் இல்லை.